மூன்றாவது வருகை

முதல் நாள் பகல் பதினொன்று: பூட்டு.
இரண்டாம் நாள் மாலை நான்கு: அதே பூட்டு,
அதன் மேல் இப்போது ஒரு பல்லி.
மூன்றாம் முறையும் ஆள் இல்லையென்றால்
கையேட்டில் அதற்கொரு எண் உண்டு.
அதை அழுத்தினால்
கணக்கிலிருந்து அந்த வீடு எழுந்து போய்விடும்.

அதனால் விடிவதற்கு முன்னால், நாலே முக்காலுக்கு வந்தேன்.
தூக்குச்சட்டியோடு வீருசின்னம்மா
தெருமுனைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.
"பேசணும்னா ஏறுத்தா. ஜீப்பு நிக்காது."

ஏறினேன்.
பத்துப் பேர் ஜீப்பில் பதினெட்டுப் பெண்கள்,
பத்தொன்பதாவது நான்.
மடியில் டேப்லெட்,
அதன் மேல் யாருடையவோ முழங்கை.

பதில் சொல்பவர் தனியாக இருக்கிறாரா?
ஆம். இல்லை.
கம்பம்மெட்டு மலையின் முதல் வளைவில்
எல்லாரும் எல்லார் மேலும் சாய்ந்தோம்.
இல்லை.

நேற்று இரவு இந்த வீட்டில் உறங்கியவர்கள் யார் யார்?
"நாலு பேரு படுத்தோம்.
ஒறங்குனது சின்னவன் ஒருத்தந்தேன்."

குடும்பத் தலைவர்?
அவர் யோசிக்கிறார். பின்னாலிருந்து ஒரு குரல்:
"கடன் யாரு பேர்ல இருக்கோ, அவுகதேன்னு போடு."
ஜீப்பே சிரித்தது.
டிரைவர் மட்டும் கியரை மாற்றினார்.
செவ்வாய்க்கிழமைக் குழுவில்
அவருடைய வண்டித் தவணையும் மனைவி பேரில்தானாம்.

எத்தனை பிள்ளைகள் பெற்றீர்கள்?
"ரெண்டு."
கையேடு சொல்கிறது: மீண்டும் கேள்.
பிறந்து, அழுது, அல்லது அசைந்து,
சிறிது நேரமே இருந்து போன குழந்தை உண்டா?
எத்தனை வீடுகளில் கேட்டிருப்பேன் இதை,
குடிக்கத் தண்ணீர் கேட்பதைப் போல.
பதினேழு பேரும் வெளியே பார்த்தார்கள்.
வெளியே ஒன்றும் தெரியவில்லை, இருட்டு.

"இந்தா, இந்த வளைவுலதேன்.
தோட்டத்துலருந்து எறங்கி வரையில. ஜீப்புல."
ஆணா, பெண்ணா?
"பொண்ணு."
எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது?
"கம்பம் ஆசுபத்திரி வாசல் வர."

திரையில் நாள், மாதம், ஆண்டு.
வளைவுகளால் அளக்க அதில் கட்டம் இல்லை.
நாள் என்பதில் பூஜ்யம் அடித்தேன்.
பிரசவம் நடந்த இடம்:
வீடு, அரசு, தனியார், மற்றவை.
மற்றவை எனில் குறிப்பிடுக.
குறிப்பிட்டேன்.

விரலைக் கேட்டேன்.
பக்கத்துப் பெண் போன் வெளிச்சம் பிடித்தாள்.
ஏலக்காய்க் கறை ஏறிக் காய்த்த நுனி;
ஊசி இறங்கவில்லை.
மோதிர விரலில் இறங்கியது.
முதல் துளி கணக்கில்லை, பஞ்சில் துடைக்க வேண்டும்.
இரண்டாம் துளி சொன்னது:
ஏழு புள்ளி நான்கு.

சீட்டு எழுதிப் படித்தும் காட்டினேன்.
அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம்,
காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை.
"நாலு வரைக்கா" என்றார்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
நாலாக மடித்து
ஜாக்கெட்டுக்குள், ஐம்பது ரூபாயோடு வைத்துக்கொண்டார்.

செக்போஸ்டில் என் போன் மலையாளத்தில் வரவேற்றது.
தோட்டம் இன்னும் மேலே.
நான் இறங்கினேன்; நான் இருந்த இடத்தை
இரண்டு பெண்கள் உடனே பங்கிட்டுக்கொண்டார்கள்.

சூப்பர்வைசர் ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறவர்.
"உன்னோட புள்ளி இடுக்கியில காட்டுதும்மா.
நம்ம தெருவுலருந்து பதினாலு கிலோமீட்டர் வெளிய.
ரெண்டாயிரம் வீட்டுக்குப் பதிலா பேசுற வீடு அது.
வீடு எப்படிம்மா நகரும்?"

என் உள்ளங்கையில் அந்தப் பஞ்சு இன்னும் இருந்தது,
கணக்கில் சேராத துளியோடு.
கீழே வளைவு வளைவாக
முகப்பு விளக்குகள் ஏறி வந்துகொண்டிருந்தன.
ஒவ்வொன்றிலும் பத்தொன்பது, இருபது தூக்குச்சட்டிகள்.

"கேக்குதாம்மா?"

"இருங்க சார்," என்றேன்,
"எண்ணிக்கிட்டிருக்கேன்."